சேலத்துக்குத் தண்ணீர் தந்த ஊற்றும் ராஜவேலுவின் டப்பாவும்

போன ஞாயிற்றுக்கிழமை நான் இந்த ஊற்றுக்குப் போனது, ராஜவேலுவின் டப்பா தொலைந்துவிட்டது என்று உறுதிசெய்துகொள்ளத்தான். காரணத்தை மறைத்து எழுதும் பழக்கம் எனக்கில்லை.

ஜியோகேச்சிங் தெரியாதவர்களுக்கு: ஒருவர் ஒரு டப்பாவை ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் கைப்பேசியோடு தேடிப் போய், உள்ளே இருக்கும் தாளில் பெயர் எழுதிவிட்டு, அதே இடத்தில் வைத்துவிட வேண்டும். சின்னச் சின்னப் பொம்மைகளும் இருக்கும். ஒன்றை எடுத்தால் ஒன்றை வைக்க வேண்டும்.

என் நண்பனாக இருந்த ராஜவேலுவுக்கு இந்த ஊற்றைக் காட்டியவன் நான். அவன் சத்தமில்லாமல் தன் டப்பாவை அங்கே வைத்து, 'நான் கண்டுபிடித்த ஊற்று' என்று அதன் இணையப் பக்கத்தில் எழுதிக்கொண்டான். ஒரு டப்பாவின் அருகில் இன்னொன்று வைக்கக் கூடாது என்பது விதி. சமீபத்தில் இரண்டு பேர் 'கிடைக்கவில்லை' என்று பதிந்திருந்தார்கள். நானும் பதிந்தால் அவன் பக்கத்தை நீக்கிவிடுவார்கள், இடம் எனக்கு வந்துவிடும். பையில் என் புது டப்பா தயாராக இருந்தது. தண்ணீர் புகாத கிளிப் மூடி.

சூரமங்கலத்திலிருந்து பழைய பேருந்து நிலையம், அங்கிருந்து பனமரத்துப்பட்டிக்கு டவுன் பஸ். மலையடிவாரம் வரை ஆட்டோவுக்கு இருநூறு ரூபாய். கைப்பேசி வரைபடத்தையே நான் பார்த்துக்கொண்டிருந்ததால் ஓட்டுநருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"பொதையலுங்களா?"

"டப்பா."

"கெடச்சா வெயிட்டிங் சார்ஜாவது சேத்திக் குடுங்க."

அங்கிருந்து ஒற்றையடிப் பாதையில் இரண்டு கிலோமீட்டர். ஊஞ்சை மரங்கள் முடிந்து நிழல் இறுகும் இடத்தில், பாறை இடுக்கிலிருந்து ஊற்று வருகிறது. சத்தமே இல்லை. கருங்கல் தொட்டி நிரம்பி, சுண்ணாம்புக் காரை பூசிய வாய்க்காலில் வழிகிறது. மேட்டூர்த் தண்ணீர் குழாயில் வருவதற்கு முன்பு சேலத்துத் தெருக்கள் சில இதைத்தான் குடித்தன என்பார்கள். மோட்டார் கிடையாது, மின்சாரம் கிடையாது. தண்ணீரை நகர்த்துவது வாய்க்காலின் கண்ணுக்குத் தெரியாத சரிவு ஒன்றுதான். வாய்க்காலில் ஓர் இலையைப் போட்டேன். எங்கும் தயங்காமல் ஒரே வேகத்தில் போனது. கட்டியவனுக்கு ஒரு கல்வெட்டுகூட இல்லை. எத்தனை முறை பார்த்தாலும் பிரமிப்பு தீரவில்லை.

ராஜவேலு குறித்திருந்த அத்திமரப் பொந்து காலியாக இருந்தது. எனக்கு உண்டான சந்தோஷத்தை விவரிக்க வேண்டாம்.

"ஏனுங்க சாமி, பொந்துக்குள்ள என்னத்தத் தேடுறீங்க?"

ஆடு மேய்க்கும் பெண். பெயர் பாவாயி என்றார். டப்பாவைத் தேடுவதாகச் சொன்னேன்.

"பச்ச டப்பாவுங்களா? நாந்தானுங்க எடுத்தேன். எவனோ சூனியம் வெச்சுட்டான்னு எலுமிச்சம்பழத்தோட வந்து தொறந்தேன். உள்ள பொம்மக் காரும் கிலுகிலுப்பையும்! கொழந்த வரம் கேட்டு யாரோ கன்னிமாருக்கு வெச்சிருக்கோணும்னு மேடையில வெச்சுட்டனுங்க."

"முன்னாடி ரெண்டு பேர் வந்தாங்களே?"

"போனையே பாத்துட்டுச் சுத்துனாங்க. போனுகிட்டயே கேட்டுக்கட்டும்னு உட்டுட்டேன்."

ஊற்றுக்கு மேலே ஒரு மேடை, அதில் ஏழு கற்கள். அவைதான் கன்னிமார். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். டப்பாவுக்கு மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, வாரம் தவறாமல் துடைத்து வைத்திருக்கிறார். மூடி மட்டும் வெடித்து, தாளின் ஓரம் நனைந்திருந்தது. இது நேர்த்திக்கடன் இல்லை, பெரியவர்கள் ஆடும் விளையாட்டு என்று விளக்கினேன். பாவாயி கோபித்துக்கொள்ளவில்லை.

"கன்னிமாரும் வெளையாடுற புள்ளைங்கதானுங்க. இருக்கட்டும். ஆனா மழ வந்தா நனஞ்சு போயிரும் சாமி."

பைக்குள் என் டப்பா இருந்தது. கீழே, கட்டியவன் பெயரில்லாத அந்த வாய்க்காலைப் பார்த்தேன். பிறகு ராஜவேலுவின் தாளையும் பொம்மைகளையும் என் டப்பாவுக்கு மாற்றி, தாளில் என் பெயரை எழுதி, கிளிப்பை அழுத்தி மூடினேன். பாவாயி அதற்கும் பொட்டு வைத்தார்.

போகிறவர்களுக்கு: காலையிலேயே கிளம்புங்கள். அடிவாரத்துக்கு மேல் சிக்னல் இல்லை, வரைபடத்தை முன்பே இறக்கிக்கொள்ளுங்கள். தொட்டியில் சோப்புப் போடாதீர்கள். ஆடு மேய்ப்பவர்களிடம் கேளுங்கள்.

வீட்டுக்கு வந்து 'கிடைத்தது' என்று பதிந்தேன். கீழே எழுதினேன்: "ராஜவேலு, உன் மூடி வெடித்துவிட்டது. டப்பா இப்போது என்னுடையது, கன்னிமார் மேடையில் இருக்கிறது. இடத்தைத் திருத்து. ஊற்றைக் காட்டியது யார் என்பதையும் திருத்து."

நேற்றுப் பார்த்தேன். இடத்தைத் திருத்தியிருக்கிறான். 'நான் கண்டுபிடித்த ஊற்று' என்ற வரி அப்படியே இருக்கிறது.

டப்பாவை எடுத்துவர நான் போகப்போவதில்லை. மலைமேல் மேகம் கட்டத் தொடங்கிவிட்டது.