பார்த்து வெட்டவும்

தெருவில் அவளுக்கு நாய்க்காரி என்று பெயர். அவள் நாய் வளர்க்கவில்லை. மரநாய் ஆராய்ச்சி அலுவலகத்தில் வேலை பார்த்தாள். மரநாய்க்கும் நாய்க்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பூனையைவிட நீளமான உடம்பு, மஞ்சள் கழுத்து, புசுபுசுவென்று வால். மரத்துக்கு மரம் தாவி எலியும் அணிலும் பிடித்துத் தின்னும். நீர்நாய்க்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வேண்டுமானால் சொல்லலாம், அதுவும் நாய் இல்லை. இதையெல்லாம் யார் கேட்டார்கள்? கால் நொண்டும் நாய், சொறி பிடித்த நாய், சாப்பிட மறுக்கும் நாய் எல்லாம் அவள் வாசலுக்கு வந்தன. முதலில் விளக்கிப் பார்த்தாள். பிறகு அலுத்துப்போய் பூச்சி மாத்திரை வாங்கி வைத்துக்கொண்டாள்.

அவள் வேலை என்னவென்றால், காட்டுப் பாதையில் மரநாய் போட்டுவிட்டுப் போன எச்சத்தைப் பொறுக்கி வந்து, உலர்த்தி, சல்லடையில் கழுவி, அதிலிருக்கும் முடியையும் எலும்பையும் பார்த்து அது என்ன தின்றது என்று எழுதுவது. மரங்களில் தானாகப் படம் எடுக்கும் கேமராக்களைக் கட்டுவதும் அவள்தான். பெண் பார்க்க வந்தவர்களிடம் இதை மறைக்காமல் சொன்னாள். அவர்கள் டீயைக்கூட முடிக்கவில்லை. அதற்குப் பிறகு யாரும் வரவில்லை, அவளுக்கும் வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. அண்ணன் வீட்டு மாடி அறையில் இருந்தாள்.

அண்ணிக்கு வாய் கொஞ்சம் நீளம், மனசு மோசமில்லை. "மத்த வீட்டுல நாத்தனார் வேலைக்குப் போனா சம்பளத்தோட வருவா. நம்ம வீட்டுல பீயோட வருவா" என்பாள். சொல்லிவிட்டு, எச்சப் பை வைப்பதற்கென்று பின்கட்டில் ஒரு மூடி போட்ட வாளியையும் அவளே ஒதுக்கிக் கொடுத்திருந்தாள்.

அண்ணன் மரம் வெட்டும் ஆட்களுக்கு மேஸ்திரி. காடு ஒரு மரக் கம்பெனிக்குச் சொந்தம். அந்தக் கம்பெனிதான் ஆராய்ச்சி அலுவலகத்துக்கும் படியளந்தது. காட்டை வெட்டுவதற்கு அண்ணன், வெட்டுகிற காட்டில் என்ன இருந்தது என்று பார்ப்பதற்குத் தங்கை. ஒரே வீட்டில் இரண்டு பேருக்கும் பிழைப்புக் கொடுத்த பெரிய மனசு கம்பெனிக்கு.

ஒருமுறை அவள், "அந்தப் பக்கம் வெட்டாதீங்கண்ணா" என்று சாப்பாட்டு நேரத்தில் சொல்லப்போக, அண்ணன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். "என் பொழப்புல மண்ண அள்ளிப் போடாத. பத்துப் பேரு குடும்பம் என்னை நம்பி இருக்கு." மூன்று மாதம் பேச்சில்லை. அண்ணிதான் நடுவில் தூது.

அலுவலகத்திலும் அதே கதைதான், கொஞ்சம் இங்கிதமாக. இயக்குநர் தங்கமான மனுஷர், முதுகெலும்பு மட்டும் கிடையாது. அவள் எழுதிக் கொடுத்த அறிக்கையில் 'வெட்டக் கூடாது' என்று இருந்த இடத்தையெல்லாம் அடித்துவிட்டு, 'பார்த்து வெட்டவும்' என்று திருத்துவார். "நமக்கு உத்தரவு போடற அதிகாரம் இல்லம்மா. தன்மையா சொல்லணும். பெரிய இடத்து விவகாரம்." வருஷக்கணக்காகத் திருத்தித் திருத்தி, அவள் நாக்கும் அப்படியே பழகிவிட்டது.

அந்த வருஷம், வெயில் ஏறத் தொடங்கிய நாளில், மேற்குச் சரிவில் ஒரு கிழட்டு மரத்தின் பொந்துக்குள் பெண் மரநாய் ஒன்று எலியைக் கவ்விக்கொண்டு நுழைவதை அவள் கண்ணால் பார்த்தாள். உள்ளே கீச்சுக் குரல் கேட்டது. குட்டிகள். அத்தனை காலமும் எச்சத்தையும் மங்கலான படத்தையும் வைத்துக் குப்பை கொட்டியவள், அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தாள். ஆராய்ச்சி கிடக்கட்டும். அந்தக் குட்டிகள் கண் திறந்து, வெளியே வந்து, ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்குத் தாவ வேண்டும். அதை அவள் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. அந்த மரத்துக்கும், சரிவில் பொந்து விழுந்த மற்ற மரங்களுக்கும் வெள்ளைப் பெயின்டில் வளையம் போட்டாள். எதிரே ஒரு கேமராவையும் கட்டினாள்.

அந்த வாரமே அண்ணனுக்கு மேற்குச் சரிவில் வேலை வந்தது. காய்ந்த மரங்களைக் கழித்து எடுக்கும் வேலை.

அவள் காலையில் அவர் செருப்பு மாட்டும்போது பக்கத்தில் போய் நின்றாள். இன்னொரு சண்டைக்கு அவளிடம் தெம்பில்லை. "அண்ணா, நான் வெள்ளைக் குறி போட்டிருக்கேன். ஆளுங்கள, அந்த மரத்தப் பாத்து வெட்டச் சொல்லுங்க" என்றாள்.

அண்ணன் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "நீ சொல்லிட்டேல்ல. நான் பாத்துக்கறேன்" என்றார். அவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அன்று முழுக்க அலுவலகத்தில் நிம்மதியாகச் சல்லடை கழுவினாள்.

சாயங்காலம் அண்ணன் கம்பெனி வண்டியில் வந்து இறங்கினார். இரண்டு ஆட்கள் பின்னாலிருந்து ஒரு மரத்துண்டை இறக்கி முற்றத்தில் வைத்தார்கள்.

"உன் குறி ஒண்ணுகூட விடல. எல்லாத்தையும் பாத்து வெட்டியாச்சு" என்றார் அண்ணன். "பொந்து மரம் எப்ப எவன் தலையில விழும்னு தெரியாது. என் ஆளுங்க உசுருக்காக நீ தேடித் தேடிக் குறி போட்டிருக்கியேன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். இதுக்குள்ள ஏதோ கூடு இருக்கு. உனக்கு ஆகும்னு எடுத்துட்டு வந்தேன்."

மரம் வெட்டுகிறவர்கள் பாஷையில் குறி என்றால் வெட்டு. வேறு அர்த்தமே கிடையாது. இது அந்த வீட்டில் பிறந்த அவளுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் தோன்றவில்லை.

பொந்துக்குள் கையை விட்டாள். மூன்று குட்டிகள். இரண்டு ஏற்கெனவே விறைத்திருந்தன. ஒன்றுக்கு மூச்சு இருந்தது.

"அண்ணா, வெட்டக் கூடாதுன்னுதான் குறி போட்டேன்."

அண்ணனுக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் படியில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப வெட்டாதீங்கன்னு சொல்லியிருக்கணும்" என்றார். குரலில் கோபமே இல்லை. அவர் திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலை.

"சொன்னா சண்டைக்கு வருவீங்கன்னு..."

"வந்திருப்பேன். வந்தா என்ன? மரம் நின்னிருக்குமே."

மரத்துண்டையும் குட்டியையும் ஏற்றிக்கொண்டு, இருட்டுவதற்குள் இருவரும் சரிவுக்குத் திரும்பினார்கள். தாய் வந்தால் கவ்விக்கொண்டு போய்விடும். வெட்டிய அடிமரத்தின் பக்கத்திலேயே துண்டைப் போட்டு, குட்டியைப் பழையபடி உள்ளே வைத்துவிட்டு வந்தார்கள். அந்த ராத்திரி தாய் வரவில்லை. மறுநாள் காலையில் அந்தக் குட்டியும் செத்துக் கிடந்தது.

கேமராவில் இருந்த படங்களைப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. தாய் வந்திருக்கிறது. முதல் நாள் சாயங்காலம், துண்டை ஏற்றிக்கொண்டு கம்பெனி வண்டி கிளம்பிப்போன கொஞ்ச நேரத்திலேயே வந்து, அடிமரத்தின் மேல் ஏறி, பின்னங்காலில் நிமிர்ந்து நின்று, மேலே பார்த்திருக்கிறது. துண்டைக் காட்டிலேயே விட்டிருந்தால் அந்த ஒரு குட்டியையாவது தூக்கிக்கொண்டு போயிருக்கும். அண்ணன் ஆசையாய்க் கொண்டுவந்து கொடுத்ததுதான் அதற்கும் எமனாய்ப் போயிற்று. இதை அவள் அவரிடம் சொல்லவில்லை. படத்தை மட்டும் காட்டினாள். எடுத்த நேரம் அதன் மூலையில் இருந்தது. அவர் அதைப் பார்த்தாரா இல்லையா என்று அவளுக்குத் தெரியாது.

இயக்குநருக்கோ தலைகால் புரியவில்லை. இவ்வளவு தெளிவான படம் அலுவலகம் பிறந்ததிலிருந்து கிடைத்ததில்லை. "முகத்தப் பாரும்மா, பேசற மாதிரி இருக்கு" என்றார். குட்டிகளைப் பற்றி அவள் எழுதிக் கொடுத்த இரண்டு பக்கத்தை, நேரம் வரும்போது பார்க்கலாம் என்று ஓரமாக வைத்தார். அந்த நேரம் வரவேயில்லை. படம் கம்பெனிக்குப் போனது.

வருஷக் கடைசியில் கம்பெனி மேஸ்திரிகளுக்கெல்லாம் காலண்டர் கொடுத்தது. அண்ணன் சுருட்டியபடியே கொண்டுவந்து மேஜையில் வைத்தார், பிரிக்கவில்லை. அண்ணிதான் பிரித்தாள். வழவழப்பான தாளில் அடிமரத்தின் மேல் அந்த மரநாய் நின்றது. கீழே, எங்கள் காடு, எல்லா உயிருக்கும் வீடு என்று அச்சடித்திருந்தது.

"ஐயோ, எவ்வளவு அழகா நிக்குது" என்றாள் அண்ணி. நாத்தனார் பக்கம் திரும்பி, "எதை இப்படி அண்ணாந்து பாக்குது?" என்று கேட்டாள்.

அவள் வாயைத் திறக்குமுன் அண்ணன் சொன்னார்.

"மரத்த."