இருபத்து மூன்று கடிதங்களும் சிந்தாமணி நர்ஸும்

ஊசிக்குப் பயந்து, வரிசையில் நின்றபடியே ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கவுனை நனைத்துக்கொண்டது. பின்னால் நின்ற பையன்கள் இன்னும் கவனிக்கவில்லை. சிந்தாமணி நர்ஸ் கவனித்துவிட்டாள். பஞ்சை எடுக்கத் திரும்புகிறவள் போலத் திரும்பி, பெஞ்சின் மேல் இருந்த குடத்தை முழங்கையால் இடித்தாள். குடத்துத் தண்ணீர் அந்தப் பிள்ளையின் மேல் கொட்டித் தரையெல்லாம் ஓடியது.

"எங்கையி ஒரு கையா? புள்ளைய முழுக்க நனைச்சிட்டனே" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பையன்கள் நர்ஸைப் பார்த்துச் சிரித்தார்கள். பிள்ளையை யாரும் பார்க்கவில்லை. துடைக்கத் துணியோடு வந்த பள்ளி ஆயா சலேத்தம்மாள் மட்டும் குடம் சாய்ந்த விதத்தைப் பார்த்திருந்தாள். அதைப் பற்றி இருவரும் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. ஆனால் அன்றிலிருந்து சலேத்தம்மாளுக்கு அந்த நர்ஸ் மேல் ஒரு பிரியம் விழுந்துவிட்டது.

சிந்தாமணி ஜெயங்கொண்டம் பக்கத்துக்காரி. தொண்ணூற்று ஐந்தில் விக்கிரமங்கலத்துக்கு உள்ளே தள்ளி இருக்கும் இந்த ஊருக்குக் கிராம நர்ஸாக வந்தாள். மழை பெய்தால் ஒழுகும் துணை சுகாதார நிலையத்தின் பின் அறையில் தங்கியிருந்தாள். புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. மாதம் ஒருமுறை வருவார். புதன்கிழமை தோறும் தோளில் ஊசி மருந்து வைத்த ஐஸ் பெட்டியை மாட்டிக்கொண்டு ஐந்து ஊர் நடப்பாள். பிள்ளைகளிடம் அவள் ஒருநாளும் "வலிக்காது" என்று சொன்னதில்லை. "வலிக்கும். மூணு வரைக்கும் எண்ணு, நின்னுடும்" என்பாள். அப்படியே நின்றும்விடும். அதனாலேயே பிள்ளைகள் அவளை நம்பின.

ஊரின் நடுவில் கன்னியர் நடத்தும் பள்ளி இருக்கிறது. கத்தோலிக்கப் பிள்ளைகள் பாதி, மற்றவர்கள் பாதி. தொண்ணூற்று எட்டு ஜூனில் கன்னியர்களின் தலைமை இல்லத்திலிருந்து புது விண்ணப்பப் பாரம் வந்தது. ஊசி போட்ட அட்டையைக் காட்டினால்தான் ஒன்றாம் வகுப்பில் இடம் என்று அதில் அச்சடித்திருந்தது. சிந்தாமணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மூன்று வருஷமாகக் கெஞ்சி நடக்காத காரியம் ஒரு காகிதத்தில் நடந்துவிட்டது என்று நினைத்தாள். பாரத்தின் கடைசி வரியை அவள் படிக்கவில்லை.

கடைசி வரி இதுதான்: மத நம்பிக்கையின் காரணமாகத் தடுப்பூசி போட இயலாதவர்கள் அதற்கான கடிதத்தை இணைக்கவும்.

இப்படி ஒரு வரி வேண்டியிருந்தது ஒரே ஒரு ஆளுக்குத்தான். அரிசி மில்லில் வேலை பார்த்த செல்லக்கண்ணு, மருந்தே தொடாத ஒரு ஜெபக் கூட்டத்தில் சேர்ந்தவர். தலைவலிக்குத் தைலம்கூடத் தடவமாட்டார். இப்படி ஒரு விதி வரப்போகிறது என்று கேள்விப்பட்டதுமே அவர் மனு கொடுத்திருந்தார். நம்பிக்கையைச் சொல்லிப் பிள்ளையை வெளியே நிறுத்தக் கன்னியர்களுக்கு மனம் வரவில்லை. அதனால் அந்த வரியைச் சேர்த்தார்கள். அவர் சொன்ன காரணம் உண்மை.

பிறகு மற்றவர்களும் அந்த வரியைப் படித்தார்கள்.

அட்டையைத் தொலைத்தவர்கள், புதன்கிழமை கூலி போகும் என்று பார்த்தவர்கள், ஊசி போட்டால் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து இரண்டு நாள் வீட்டில் இருக்கவேண்டுமே என்று யோசித்தவர்கள், எல்லாருக்கும் திடீரென்று சாமி வந்து ஊசியைத் தடுத்துவிட்டது. ஒரு வீட்டில் குலதெய்வத்துக்கு ஆகாது. ஒரு வீட்டில் அந்தோணியாருக்கு நேர்த்தி. ஜூன் முடிவதற்குள் கடிதங்கள் இருபத்து மூன்று. அவற்றை நூல் போட்டுக் கோத்து அலமாரியில் வைத்தவள் சலேத்தம்மாள். அவள் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள்தான். ஆனாலும் இருபத்து மூன்றும் ஒரே கையெழுத்து என்று கண்டுகொள்ள அவளுக்குப் பெரிய படிப்பு வேண்டியிருக்கவில்லை. அது அவள் புருஷன் கையெழுத்து.

மதலைமுத்து, கத்தோலிக்கக் கோவிலில் ஜெபம் சொல்லிவைக்கும் உபதேசியார். ஊரில் யாருக்கு மனு எழுதவேண்டும் என்றாலும் அவரிடம்தான் வருவார்கள். ஊர்க்காவல் தெய்வமான செல்லியம்மன் ஊசியை விரும்பமாட்டாள் என்று வேதக்கோவில் உபதேசியார் எழுதிக் கொடுத்த கூத்தை நினைத்து சலேத்தம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

"அம்மன் ஒங்ககிட்ட வந்து சொல்லிச்சாக்கும்?" என்று சோறு போடும்போது கேட்டாள்.

"பெட்டிசன் எழுதறவன் உண்ம பொய்யா பாத்துக்கிட்டு இருக்க முடியுமா? வர்றவங்க சொல்றாங்க, எழுதறேன். கொழம்ப ஊத்து."

"ஊசி போடலன்னா யாருக்கு நட்டம்?"

"ஊசி போட்டா மட்டும் சாகாம இருக்கப் போறமா?" என்றார் அவர். சலேத்தம்மாள் குழம்பை ஊற்றிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

சிந்தாமணி புதன்கிழமை ஐஸ் பெட்டியோடு பள்ளிக்கு வந்தபோது ஒன்றாம் வகுப்பில் ஒன்பது பிள்ளைகள்தான் வரிசையில் நின்றன. மற்றவர்களுக்குக் கடிதம். அவள் கோப்பைப் புரட்டிப் பார்த்தாள். பள்ளியைப் பார்த்துக்கொள்ளும் பெரிய சிஸ்டரிடம் போனாள். அந்த வரியை அடித்துவிடச் சொன்னாள்.

"அச்சடிச்சு வந்திருக்கும்மா. நா எப்படி அடிக்கறது? எழுதிப் போடறேன்" என்றார் சிஸ்டர். எழுதிப் போட்டார். அடுத்த வருஷம் பரிசீலிக்கலாம் என்று பதில் வந்தது. வட்டார ஆபீஸில் போய்ச் சொன்னால், "ஸ்கூல் விதி ஸ்கூலோட சொந்த விவகாரம், அதுக்கும் நமக்கும் சம்பந்தமில்ல. உன் ரிஜிஸ்டர்ல நூத்துக்கு நூறு காட்டு" என்றார்கள். இரண்டு கதவும் பூட்டவில்லை, இரண்டும் திறக்கவும் இல்லை.

சலேத்தம்மாளால் பொறுக்க முடியவில்லை. "நர்ஸம்மா, அந்தக் கடுதாசிக் கட்ட அடுப்புல போட்டுடறேன். புள்ளைங்க எல்லாம் இங்கதான இருக்கு. நீ பாட்டுக்குக் குத்திட்டுப் போ" என்றாள்.

"வேணாங்க்கா. பெத்தவங்களுக்குத் தெரியாம ஒரு புள்ளைக்குக் குத்தினேன்னு வைங்க, அடுத்த புதன் ஒரு புள்ளையும் ஸ்கூலுக்கு வராது. நா வூடு வூடாப் போறேன்."

போனாள். வயலுக்குப் போகிறவர்களை விடியலிலும், வேலையிலிருந்து வருகிறவர்களை விளக்கு வைக்கும் நேரத்திலும் பிடித்தாள். யாரையும் "பொய் சொன்னீங்க" என்று கேட்கவில்லை. செருப்பு இரண்டு முறை வாரறுந்து, இரண்டு முறையும் தைத்துப் போட்டுக்கொண்டாள். ஆடி பிறந்து முதல் வாரம் முடிவதற்குள் இருபத்து மூன்றில் இருபத்தொரு பிள்ளைகளுக்கு ஊசி போட்டாகிவிட்டது. செல்லக்கண்ணு வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, மரியாதையாக மறுத்தார். "அவரு நெசமா நம்புறவருங்க்கா" என்றாள் சிந்தாமணி. "அவரு மேல எனக்கு வருத்தமில்ல. சுத்தி இருக்கறவங்க போட்டுக்கிட்டா அவரு புள்ளையும் தப்பிச்சிடும். பாவாடையண்ணன்தான் எனக்குப் புரியல."

பாவாடை சுண்ணாம்புக்கல் லாரியில் லோடு ஏற்றுகிறவர். மனைவி தனம். மகள் புவனேஸ்வரி, ஆறு வயது. கைக்குழந்தையில் ஒரு ஊசி போட்டதோடு விட்டு, அட்டையும் தொலைந்துபோனதால், பிள்ளைக்கு ஊசி போடுவதில்லை என்று செல்லியம்மனுக்கு நேர்ந்துகொண்டதாக எழுதச் சொல்லிக் கடிதம் வாங்கியவர். அதை அவரே ஒத்துக்கொண்டார்.

"பொய்தாங்க. நேந்துக்கல ஒண்ணுமில்ல."

"அப்பறம் என்னண்ணே? நாளைக்கே போட்டுடலாம்."

பாவாடை தலையைச் சொறிந்தார். "அதில்லீங்க நர்ஸம்மா. அம்மன் பேர எழுதி, கீழ கையெழுத்தும் போட்டுட்டேன். இப்ப மீறினா அவ சும்மா விடுவாளா? நேராத நேர்த்தியா இருந்தாலும் எழுதினது எழுதினதுதான?"

சிந்தாமணி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். சலேத்தம்மாளும் சொன்னாள். தனம் அழுதாள், ஆனால் அவளுக்கும் பயம். பொய்யாகக் கட்டிய கயிறு நிஜமாகவே கழுத்தை இறுக்கிவிட்டது. கடைசியில் அம்மனையே கேட்டுவிடலாம் என்று பேசி முடித்தார்கள். பூக்கட்டிப் பார்ப்பது. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். சன்னதியில் போட்டுச் சின்னப் பிள்ளை ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் அம்மன் உத்தரவு.

ஆடி மூன்றாம் வெள்ளி. சலேத்தம்மாள் கோவில் வேப்பமரத்தடியில் தள்ளி நின்றாள். முந்தானைக்குள் செபமாலை. "அடைக்கல மாதாவே, செல்லியம்மா கையால வெள்ளப் பூவே வரணும்" என்று வேண்டினாள். இப்படி வேண்டலாமா கூடாதா என்று பிறகு சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் கேட்கவேண்டும் என்றும் நினைத்துக்கொண்டாள். பிள்ளை எடுத்துக் கொடுத்த பொட்டலத்தைப் பூசாரி பிரித்தார். சிவப்பு அரளி.

"அவ்வளவுதான். ஒருதரம் சொல்லிட்டா, ஆடி முடிஞ்சு மூணு பௌர்ணமி தாண்டித்தான் மறுபடி கேக்கணும்" என்றார் பூசாரி.

"மூணு மாசங்களா?" என்றாள் சிந்தாமணி.

"ஆஸ்பத்திரில வரிசையில நிக்கறதில்லியா? அம்மன்கிட்டயும் நின்னுதான் ஆவணும்."

திரும்பி வரும்போது சிந்தாமணி, "எங்கிட்ட மருந்து இருக்கு, ஊசி இருக்கு, புள்ள கண்ணு முன்னாடி ஓடுது. குறுக்க நிக்கறது ஒரு காகிதம், அதுவும் பொய்க் காகிதம்" என்றாள். அவள் குரல் உயர்ந்து சலேத்தம்மாள் கேட்டது அன்று மட்டும்தான்.

ஆவணிப் பௌர்ணமி போயிற்று. புரட்டாசிப் பௌர்ணமியும் போயிற்று. ஐப்பசி மழையில் பக்கத்து ஊரில், அந்த ஊசி தடுக்கிற தொண்டை அடைப்பான் நோய், டிப்தீரியா, வந்தது. சிந்தாமணி பாவாடை வீட்டுக்கு மறுபடி ஓடினாள். "இன்னும் பதினஞ்சு நாளுதாங்க, பௌர்ணமி வந்துடும்" என்றார் அவர். ஒரு வாரம் கழித்து, காலை மணி அடித்த பிறகு சலேத்தம்மாள் வகுப்பைக் கூட்டப் போனபோது புவனேஸ்வரி கடைசி பெஞ்சில் படுத்திருந்தாள். கழுத்து வீங்கியிருந்தது. எச்சில் விழுங்க முடியாமல் வாயோரம் வழிந்தது. சலேத்தம்மாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு துணை நிலையத்துக்கு ஓடினாள்.

சிந்தாமணி டார்ச் அடித்துப் பார்த்தாள். தொண்டையில் சாம்பல் நிறத்தில் பாலாடை போலப் படிந்திருந்தது. அவள் யாரையும் திட்டவில்லை. "தனத்த கூப்புடுங்க. எந்த வண்டி கெடைக்குதோ அதுல தஞ்சாவூரு" என்றாள். கல் லாரி ஒன்றுதான் கிடைத்தது. டிரைவருக்குப் பக்கத்தில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அவளே போனாள்.

ஆண்டவர் புண்ணியம், பிள்ளை பிழைத்தது. ஆனால் இருபத்தாறு நாள் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தது. திரும்பி வந்தபோது தண்ணீர் குடித்தால் மூக்கு வழியே வந்தது. பேச்சும் மூக்கால்தான். அது சரியாவதற்குத் தை மாதம் ஆயிற்று. பாவாடை வெள்ளைப் பூவுக்குக் காத்திருக்கவில்லை. அவரே வந்து, அடுத்த ஊசியை எப்போது போடலாம் என்று கேட்டார். கேட்கும்போது நர்ஸின் முகத்தைப் பார்க்கவில்லை.

மார்கழியில் ஆபீஸிலிருந்து சிந்தாமணிக்கு மெமோ வந்தது. உங்கள் பகுதியில் தடுப்பூசி முழுதும் போடாத பிள்ளைக்குத் தொண்டை அடைப்பான் வந்தது எப்படி, விளக்கம் தருக. அவள் விளக்கம் எழுதினாள். பாவாடை கொடுத்திருந்த கடிதத்தின் நகலை இணைத்தாள். பள்ளிக் கடிதம் செல்லாது என்று பதில் வந்தது. பிள்ளை படுத்தது செல்லும், காரணம் மட்டும் செல்லாது. தைப் பொங்கல் முடிந்ததும் வேப்பந்தட்டைப் பக்கம் மாற்றல்.

இருபத்தொரு பிள்ளைகளைப் பற்றி அந்த மெமோவில் ஒரு வார்த்தை இல்லை. சலேத்தம்மாள் அதைப் பெரிய சிஸ்டரிடம் சொல்லிப் புலம்பினாள். சிஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "செபிப்போம்" என்றார். சலேத்தம்மாள் செபிக்காத நாளில்லை. ஆனால் அன்று அந்த வார்த்தை அவளுக்கு ஆறுதலாக இல்லை. வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் நான்கு நாள் பேசவில்லை. அவரும் பேனாவை எடுக்கவில்லை. ஆனால் தப்பு என்று வாய்விட்டுச் சொல்லவும் இல்லை.

மாற்றலாகிப் போன அன்று அரியலூர் பஸ்ஸுக்கு நிற்கையில் சிந்தாமணிக்குப் பக்கத்தில் சலேத்தம்மாள் ஒருத்திதான் இருந்தாள். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பாய்ச்சுருட்டு, அவ்வளவுதான் சாமான். உபதேசியார் தூரத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். கிட்டே வர அவருக்குக் கால் வரவில்லை.

"அடுத்த வருசமும் அந்த வரி வரும் போலயே, நர்ஸம்மா. எடுக்கலாமான்னு இன்னும் யோசிக்கறாங்களாம்" என்றாள் சலேத்தம்மாள்.

பஸ் வந்துவிட்டது. கண்டக்டர் பெட்டியை மேலே ஏற்றினார். சிந்தாமணி படியில் ஒரு காலை வைத்துக்கொண்டே திரும்பினாள்.

"வரட்டும் விடுங்க. செல்லக்கண்ணு மாதிரி ஆளுக்கு அது வேணுந்தான். ஒங்க வூட்டுக்காரர எழுத வேணாம்னும் சொல்லாதீங்க. நேந்துக்கிட்டேன்னு எழுதச் சொல்லி யாராச்சும் வந்தா, 'எந்தக் கெழம நேந்துக்கிட்ட?'ன்னு ஒரே ஒரு கேள்வி கேக்கச் சொல்லுங்க. கெழம சொல்லத் தெரியாதவனுக்கு மட்டும் எழுத வேணாம். போயிட்டு வரேங்க்கா."