செக்கிங் அன்று காணாமல்போன என் மகள்

அதிகாரி என் மகளின் பெயரை இரண்டாம் முறை வாசித்தபோதும் பதில் வரவில்லை. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற மனைவி திரும்பிப் பார்த்தாள். சற்று முன்புவரை அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்ற எட்டு வயதுப் பிள்ளையைக் காணோம்.

பாகூர்ப் பக்கம் இருந்த எங்கள் அகதி முகாமில் மாதம் ஒருநாள் செக்கிங் நடக்கும். இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களில் எல்லோரும் நேரில் நின்று முகம் காட்ட வேண்டும். ஆள் இல்லாவிட்டால் பதிவிலிருந்து பெயர் போய்விடும். திரும்பச் சேர்க்க அலையாய் அலைய வேண்டும். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட நான் பெயின்ட் வேலைக்கு ஊர் ஊராகத் திரிந்துகொண்டிருந்தேன். ஓரிடத்தில் கால் தரிக்காது. செக்கிங்குக்கு மட்டும் வருவேன். அந்த ஒரே நாளில் ஒரு மாதத்துத் தகப்பன் வேலையையும் முடித்துவிடுவேன். "அப்பா வரட்டும், செக்கிங் அண்டைக்கு இருக்கு உனக்கு" என்று மிரட்டி மிரட்டி மனைவி சேர்த்து வைத்த புகார்களெல்லாம் அன்று வெளியே வரும். நான் பெயின்ட் கலக்கும் குச்சியை எடுப்பேன். என் அப்பாவும் அப்படித்தான். முகாமில் பாதித் தகப்பன்மார் அப்படித்தான்.

மாலை வகுப்பு எடுத்த டீச்சரும் முகாமில் இருந்தவர்தான், என்னைவிட இளையவர். பிள்ளை வளர்ப்பு பற்றிக் கூட்டம் போட்டால் ஆண்கள் வருவதில்லை என்பதால், செக்கிங் வரிசைக்கே வந்து எங்களைப் பிடித்துக்கொள்வார். "இதிலை நிண்டா ஓடேலாதுதானே?" என்று சிரிப்பார். "போன மாசம் உங்கட பிள்ளை எதுக்குச் சிரிச்சது, சொல்லுங்கோ பாப்பம்."

"அதிகாரிகூட இவ்வளவு கேக்கிறேல்லை, ரீச்சர்" என்று யாராவது நழுவுவார்கள். நானும் நழுவியவன்தான்.

அன்று மகளைக் கண்டுபிடித்தது அவர். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குந்தியிருந்தவளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, அதிகாரி வண்டியில் ஏறும் நேரத்தில் முகத்தைக் காட்டிப் பெயரைப் பதிய வைத்தார். நான் கையை ஓங்கினேன். அவர் தடுக்கவில்லை. "ஏன் ஒளிச்சவள் எண்டு ஒருக்கா கேளுங்கோ. பிறகு அடியுங்கோ" என்றார்.

மகள் இங்கேயே பிறந்தவள். பேச்சும் இந்த ஊர்ப் பேச்சு. தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "லிஸ்ட்ல என் பேர அடிச்சிட்டா, நீ குச்சி எடுத்துக்கினு என்னப் பாக்க வரமாட்ட இல்லப்பா?"

ஓங்கிய கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. டீச்சர் மனைவியிடம், "தகப்பனைப் பொலிசு ஆக்காதேங்கோ" என்றார். என்னிடம், "செக்கிங் இல்லாத ஒருநாள் வாங்கோ. வந்து ஒண்டும் விசாரிக்காதேங்கோ" என்றார்.

இரண்டு வாரம் கழித்து சேலத்திலிருந்து வந்து இறங்கினேன். மகள் வாசலிலேயே பின்வாங்கினாள்.

"இன்னாப்பா, நாளைக்கு செக்கிங்கா?"

"இல்லை. உன்னைப் பாக்கத்தான்."

நம்பவில்லை. டீச்சரிடம் ஓடிப்போய்க் கேட்டு உறுதிசெய்துகொண்டு வந்தாள். கதவோரம் நின்று, "கணக்குல ஃபெயிலு" என்று தானே சொல்லிவிட்டு என் கையைப் பார்த்தாள். அதற்கு எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான். அதை விட்டுவிட்டுத் தேடியதில், "எனக்கும் கணக்கு வராது" என்பது வந்தது.

"பொய்யி."

"பொய்யில்லை" என்று அடுப்படியிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள். "உன்ரை அப்பாவுக்கு ஏழாம் வாய்ப்பாடே தெரியாது."

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

டீச்சர் பிறகு தாயோடு மன்னாருக்குத் திரும்பிப் போய்விட்டார். மகள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். என்னைக் கேலி செய்யவும் தயங்குவதில்லை. ஆனாலும் கொடியில் கிடக்கும் துண்டை எடுக்க நான் சட்டென்று கையை உயர்த்தினால், பக்கத்தில் நிற்கும் அவள் தோள் ஒரு கணம் ஒடுங்குகிறது. அவளுக்கே அது தெரியாது என்று நினைக்கிறேன். அதனால், துண்டை எடுத்துத் தரும்படி அவளிடமே கேட்கிறேன்.