செத்தவர் சிரிக்க வேண்டும்

எங்கள் சினிமா கம்பெனி என்பது பல்லடம் சாலையில், பனியனுக்குப் பிரிண்டிங் போடும் ஒரு யூனிட்டின் மாடியில் இருந்த ஒற்றை அறை. இயக்குநர், கேமராக்காரர், எடிட்டிங்குக்கு நான். பாட்டு கிடையாது, சண்டை கிடையாது. மில்லும் பனியன் கம்பெனியும் மனிதர்களைப் படுத்தும் பாட்டைத்தான் படமாக எடுத்தோம். நடிக்கவும் அங்கே வேலை செய்கிறவர்களையே பிடித்தோம். பெரிய நடிகர்கள் எங்கள் படி ஏறப் போகிறார்களா என்ன!

ஒரு படத்தில், பஞ்சுத் தூசி நெஞ்சில் ஏறிச் சாகிற தொழிலாளி வேடம். குண்டடம் பக்கம் நூல் மில்லில் வேலை பார்த்த ஒருவரைப் போட்டோம். நெற்றியில் காசும் மூக்கில் பஞ்சும் கழுத்தில் மாலையுமாகப் படுத்தார். ஆக்‌ஷன் சொன்னதும் இருமினார். மறுபடி எடுத்தோம், மறுபடி இருமினார்.

"பொணம் இருமுதுங்கோ!" என்று லைட் பிடித்தவர் கத்த, எல்லோரும் சிரித்தோம்.

"கோவிச்சுக்காதீங்க, இன்னொருக்கா போலாமுங்க" என்றார் பிணமாகப் படுத்திருந்தவர். எந்த நோயைப் படமெடுக்கிறோமோ அதுவேதான் ஷாட்டைக் கெடுக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

பிணமாக நடித்தவர் எழுந்ததும் கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், அதையும் பதிவுசெய்ய வேண்டும் என்பது சினிமாக்காரர்களின் சாங்கியம். இல்லாவிட்டால் நடித்தவருக்கு ஆகாது. ஒருவழியாக ஷாட் ஓகே ஆனதும் காசையும் பஞ்சையும் எடுத்துப் போட்டுவிட்டு, மாலையோடு வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு முடியுமுன்பே இருமல் வந்துவிட்டது.

சாங்கியமாவது மண்ணாவது. படம் முடிவதற்குள் அவர் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்தபின் அவர் மனைவி எங்களைத் தேடி வந்தார். "கல்யாண போட்டோவுலகூட உம்முனுதானுங்க நிப்பாரு. அவரு சிரிக்கற மாதிரி எதாச்சும் இருக்குங்களா?"

படம் முழுக்க நாங்கள் அவரை அழத்தான் விட்டிருந்தோம். இருந்தது அந்த ஒரு சிரிப்பு. மாலை தெரியாதபடி முகத்தை மட்டும் பெரிதாக்கி, இருமல் தொடங்கும் இடத்தில் வெட்டிக் காட்டினேன். நல்லது செய்வதாகத்தான் நினைப்பு.

பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார்.

"சிரிச்சா உடனே இருமல் வந்துருமுங்களே, அதைக் காணமுங்க?"

வெட்டிவிட்டதாகச் சொன்னேன்.

"ஏனுங்க வெட்டுனீங்க? ஷிப்ட் முடிஞ்சு வரையில சந்து முக்குலயே அந்த இருமல் கேக்குமுங்க. ஊட்டுக்கு வந்துட்டாருன்னு சோத்தைப் போட்டு வெச்சிருவேன். எனக்கு அது வேணுமுங்க."

வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. இருமலைச் சேர்த்து அவர் போனில் ஏற்றிக் கொடுத்தேன்.

மாடிப்படியிலேயே நின்று போட்டுக் கேட்டார். சிரிப்பு ஓடியபோது தலை குனிந்தே இருந்தது. இருமல் கேட்டதும் சட்டென்று நிமிர்ந்து, கீழே தெருவாசலைப் பார்த்தார்.