அம்மாவின் கட்டைவிரல்

திருப்பதியில் நான் டிகிரி படித்தபோது, அரசாங்கம் தரும் ஃபீஸ் பணம் அம்மாவின் வங்கிக் கணக்கில்தான் விழும். தாயின் கையில் பணம் பத்திரமாக இருக்கும் என்று நினைத்த புண்ணியவான் எங்கள் அப்பாவை, நைனாவை, பார்த்ததில்லை. சத்தியவேடு பக்கம் எங்கள் ஊரில் பேங்க் கிடையாது. மளிகைக் கடைக்காரர் வைத்திருக்கும் கைரேகை மிஷினில் கட்டைவிரலை வைத்தால் கணக்கிலிருந்து பணம் எடுத்துத் தருவார். முதல் வருஷம் நைனா அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் போய் விரலை வைக்கவைத்தார். ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் குடித்துத் தீர்த்தார். அம்மாவின் கம்மலை விற்று ஃபீஸ் கட்டினோம்.

இரண்டாம் வருஷம் விற்க எதுவும் இல்லை. ஃபீஸ் கட்டாவிட்டால் ஹால் டிக்கெட் இல்லை என்று காலேஜில் சொல்லிவிட்டார்கள். பணம் விழுந்ததாக போனில் மெசேஜ் வந்த காலையில் நான் ஊரில்தான் இருந்தேன். நைனா சட்டையை மாட்டினார். அம்மா அடுப்பிலிருந்த தோசைக்கல்லில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். வாயைத் திறக்கவில்லை. தோல் பொசுங்கிய நாற்றம் வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

நைனா அவளைக் கடைக்கு இழுத்துப் போக, நானும் பின்னாலேயே போனேன். கடையில் மூன்று தடவை வைத்துப் பார்த்தார்கள். "ரேகை வுழல ணா," என்றார் கடைக்காரர். நைனா அந்த விரலைத் திருப்பிப் பார்த்தார். பிறகு அம்மாவின் முடியைப் பிடித்து முகத்தைக் கல்லாப்பெட்டியில் மோதினார்.

"வேணும்னே சுட்டுக்கினியாடீ?"

கேட்டுக் கேட்டு மோதினார். அவள் பல் ஒன்று தெறித்துப் பருப்பு மூட்டையில் விழுந்தது. கடையில் நின்றிருந்த நாலு பேரும் விலை விசாரிப்பதில் மும்முரமாக இருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தராசிலிருந்த இரண்டு கிலோ எடைக்கல்லை எடுத்து நைனாவின் காதுக்கு மேலே அடித்தேன். அவர் விழுந்தார். விழுந்த பிறகும் ஒன்று போட்டேன். முதல் அடி அம்மாவுக்காக. இரண்டாவது எனக்காக. அது எனக்குப் பிடித்திருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

அந்த நாலு பேரும் அவரை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். ரத்தத்தின் மேல் மணலைப் போட்டுக்கொண்டே கடைக்காரர் சொன்னார்: "கட்டவெரலுதான்னு இல்லம்மா. எந்த வெரல வெச்சாலும் எடுக்கும்."

"முன்னாடியே சொல்றதுக்கு இன்னா ணா?" என்று கேட்டேன்.

"அவுரு எதுருலயா?"

அம்மா வீங்கிய வாயோடு ஆள்காட்டி விரலை வைத்தாள். பணம் வந்தது. அன்றே பஸ் ஏறிப் போய் ஃபீஸைக் கட்டினேன்.

நைனா தலையில் தையலோடு திரும்பி வந்தார். அதற்குப் பிறகு அவர் அம்மாமேல் கை வைக்கவில்லை. என் குரல் கேட்டாலே எழுந்து வெளியே போய்விடுவார். நான் பரீட்சை எழுதிப் பாஸாகி வேலைக்கும் போய்விட்டேன். மாதாமாதம் சம்பளத்தில் ஒரு பங்கை அம்மாவுக்குக் கொடுக்கிறேன். முதல் மாதம் பணத்தோடு கையை நீட்டினேன். அவள் சட்டென்று முகத்தைத் திருப்பி, கையால் தலையை மறைத்துக்கொண்டாள். நைனாவிடம் அப்படித்தான் மறைப்பாள்.

இப்போதெல்லாம் பணத்தை அலமாரியில் வைத்துவிட்டு, "எடுத்துக்கம்மா" என்று தள்ளி நின்று சொல்கிறேன்.