நூறாவது ஆள் பழனியாத்தாள்

ஆர்.எஸ்.புரத்தில் பட்டுக்கடைகள் முடிகிற சந்தில் சுப்பண்ணனின் டைப்பிங் கடை இருந்தது. தென்னங்குருத்தைத் தின்னும் வண்டைப் பற்றி ஒருத்தர் கட்டுக் காகிதத்தோடு வருவார். பவானி ஜமக்காளத்தின் சாயம் எத்தனை சலவை தாங்கும் என்று இன்னொருத்தர். தாலாட்டில் தாய்மாமன் எத்தனை தடவை வருகிறான் என்று எண்ணிக்கொண்டு ஒரு பெண். வௌவாலுக்குக் காது எப்படிக் கேட்கிறது என்று ஒரு மகானுபாவர். ஒருத்தர் ஆராய்ச்சி இன்னொருத்தருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் கிடையாது. அத்தனையும் தெரிந்த ஒரே ஜீவன் பாவாத்தாள். எல்லாவற்றையும் டைப் அடித்தது அவள்தானே!

பாவாத்தாளுக்கு அப்போது நாற்பது வயது. கல்யாணம் கில்யாணம் என்று எதுவும் நடக்கவில்லை. காரமடை தாண்டி, டவுன் பஸ் திரும்புகிற கடைசி ஊரில் பிறந்தவள். அம்மா பழனியாத்தாள் கவுண்டர் தோட்டத்தில் களை வெட்டித்தான் அவளை டைப்ரைட்டிங் ஹையர் வரைக்கும் படிக்கவைத்தாள். பாவாத்தாளின் கை வேகமும் சுத்தமும் கண்டு பல்கலைக்கழகக்காரர்களே வரிசையில் நின்றார்கள். ஒரே ஒரு கிறுக்கு மட்டும் அவளுக்கு உண்டு. எந்தப் படிவத்திலும் ஒரு கட்டம் காலியாக இருந்தால் அவளுக்குப் பொறுக்காது.

அந்தக் கிறுக்கை முதலில் பயன்படுத்திக்கொண்டவன் கௌதமன். கிணற்றுத் தண்ணீரில் உப்பு எவ்வளவு, குடிக்கிறவர்களுக்கு மூட்டுவலி எவ்வளவு என்பது அவன் ஆராய்ச்சி. நூறு பேரைக் கேட்க வேண்டும். தொண்ணூற்றொன்பது பேரைக் கேட்டுவிட்டு வெயில் தாங்காமல் திரும்பி வந்துவிட்டான் புண்ணியவான்.

"ஏனுங்க்கா, ஒரே ஒரு ஆளுதானுங்க. உங்க ஊருப்பக்கம் யாராச்சும் பேரைப் போட்டு ரொப்பிருங்களேன். யாரு போய்ப் பாக்கப்போறாங்க?"

பாவாத்தாள் காலிப் படிவத்தையே பார்த்தாள். பிறகு பேனாவை எடுத்து எழுதினாள். பெயர்: பழனியாத்தாள். வயது: ஐம்பத்தெட்டு. ஊர், கதவு எண், எல்லாம் சரியாக. மூட்டுவலி: உண்டு, இடது முழங்கால், மழைக்காலத்தில் அதிகம்.

இதில் பொய் என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான். பழனியாத்தாள் செத்து அப்போது ஒரு வருஷம் ஆகியிருந்தது.

அந்தச் சாவைச் சொல்லாமல் மேலே போக முடியாது. தொண்ணூறாம் வருஷம், ஆடி மாதம். அம்மாவுக்கு நாலு நாளாகக் காய்ச்சல் என்று பாவாத்தாள் கடை மெஷினை ஊருக்கே தூக்கிப்போய், உள் அறையில் வைத்து அடித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் வௌவால்காரர் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். மத்தியானம் வாசல் அறைக் கட்டிலிலிருந்து அம்மா கூப்பிட்டாள்.

"பாவா, செத்த வந்து பக்கத்துல உக்காரு கண்ணு."

"இந்தப் பக்கத்த முடிச்சுபோட்டு வாரேன் ஆத்தா."

முடித்தாள். அடுத்த பக்கத்தில் ஒன்பதே வரி இருந்தது, அதையும் அடித்தாள். அதற்கடுத்த பக்கம் வெறும் அட்டவணைதான் என்று அதையும் அடித்தாள். எழுந்து போனபோது அம்மாவின் கை கட்டிலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. கருமாதி முடிந்ததும் வீட்டைப் பூட்டிவிட்டு கோயமுத்தூருக்கு வந்தவள்தான். அதன் பிறகு ஊர் மண்ணை மிதிக்கவில்லை. அம்மா என்ன சொல்லக் கூப்பிட்டாள் என்பதை மட்டும் தினமும் தன்னையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதனால்தான் அன்றைக்கு அந்தப் படிவத்தை நிரப்பும்போது அவளுக்குச் சுகமாக இருந்தது. யாரோ அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, முழங்கால் வலிக்கிறதா என்று கேட்கிறார்கள்! அப்புறம் விடுவாளா? கால்நடைத் தீவனக் கணக்கெடுப்பில் பழனியாத்தாளுக்கு இரண்டு வெள்ளாடு. சத்துணவு ஆய்வில் காலையில் கம்மங்கூழ். ரேடியோ கேட்போர் ஆய்வில் அவளுக்கு நாடகம் பிடிக்கும், செய்தி பிடிக்காது. ஐந்து வருஷத்தில் ஏழு ஆராய்ச்சிகளில் அம்மாவைக் குடிவைத்தாள். ஏழையும் விரல்விட்டுச் சொல்வாள்.

பிறகு எட்டாவது ஆராய்ச்சி வந்தது. நாட்டு மருந்துச் செடிகளைப் பற்றியது. கொண்டுவந்தவரை அவள் முன்பின் பார்த்ததில்லை. படிவம் எதுவும் அவள் கைக்கு வரவில்லை. ஆனால் நாற்பத்தோராம் பக்கத்தில் இருந்தது: 'பழனியாத்தாள், 58. வெயிலில் நடக்கும்போது நாக்குக்கடியில் நாலு கொத்தமல்லி விதை வைத்துக்கொண்டால் தாகம் எடுக்காது என்கிறார்.' அம்மா அப்படித்தான் செய்வாள். அதை எந்தப் படிவத்திலும் பாவாத்தாள் எழுதியதில்லை. வேறு எந்தப் பழனியாத்தாளோ என்று தன்னையே திட்டிக்கொண்டு அந்தப் பக்கத்தை அடித்து முடித்தாள். அந்த ஒரு பக்கத்தில் மட்டும் ஆறு பிழை விழுந்தது.

தொண்ணூற்றாறில், ஒரு பகல் பத்து மணிக்கு, சாஜிதா பேகம் வந்தாள். கிராமத்து முதியோரின் தூக்கம் அவள் ஆராய்ச்சி. நேர்மையான பிள்ளை. நூறு படிவமும் வெயிலில் அலைந்து அவளே நிரப்பியவை. ஆட்களின் பெயர்களை மட்டும் பழைய ஆய்வேடு ஒன்றின் பின்னிணைப்பிலிருந்து எடுத்திருந்தாள். கௌதமனுடைய ஆய்வேடு.

"எல்லாரையும் நேர்ல பாத்தீங்களா அம்மணி?" பாவாத்தாள் அடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"பாக்காம எப்படிங்க்கா? அந்தக் கடைசி ஊருல ஒரு அம்மா இருந்தாங்க பாருங்க, அவங்களுக்குத்தான் பாவம், தூக்கமே கெடையாது. எனக்கு நெளிஞ்ச சொம்புல தண்ணி குடுத்தாங்க. சாப்ட்டுட்டுப் போ கண்ணுன்னாங்க."

"வீட்டுல வேற ஆரு இருந்தா?"

"மக இருக்காங்களாம். நான் பாக்கலைங்க. உள் ரூம்புல டைப் அடிக்கற சத்தம் மட்டும் நிக்காம கேட்டுச்சு. வேலையா இருக்கா, இப்ப வந்துருவான்னாங்க."

பாவாத்தாள் படிவக் கட்டைத் தன் பக்கம் இழுத்தாள். நூறாவது படிவத்தை உருவி எடுத்தாள். சாஜிதாவின் குண்டுக் கையெழுத்து. தூங்கும் நேரம்: இல்லை. எத்தனை நாளாக: ஆறு வருடம். காரணம் என்ற கட்டத்தில், சொன்னதைச் சொன்னபடியே அந்தப் பெண் எழுதியிருந்தாள்: 'மக பக்கத்துல வந்து உக்காந்தா தூங்கிப்போடுவேன். ஒரு பக்கத்த முடிச்சுபோட்டு வாரேன்னா. இன்னம் முடியல போலிருக்குது.'

அடப்பாவி மகளே என்று அவள் சொன்னது தன்னையேதான். அம்மா எதையும் சொல்லக் கூப்பிடவில்லை. உட்காரத்தான் கூப்பிட்டிருக்கிறாள்.

மெஷினில் பாதி அடித்த பக்கம் அப்படியே நின்றது. பாவாத்தாள் பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

"ஏனுங்கம்மணி, அந்தப் பக்கத்த முடிச்சுபோட்டுப் போலாமுங்களே?" என்றார் சுப்பண்ணன்.

"முடியாதுங்க" என்றாள். பதினெட்டு வருஷத்தில் அவளிடமிருந்து அவர் கேட்ட முதல் 'முடியாது' அது.

மத்தியான வெயிலில் பஸ்ஸை விட்டு இறங்கினாள். பூட்டு துருப்பிடித்து, மேலே குளவிக்கூடு கட்டியிருந்தது. அதைத் திறந்து ஆறு வருஷம் ஆயிற்று என்று எவரும் சத்தியம் செய்வார்கள். ஆனால் உள்ளே மெஷின் சத்தம் கேட்டது. டக் டக் டக் என்று அவளுடைய வேகம், வரி முடிவில் அவளுடைய மணி. கல்லால் பூட்டை உடைத்துக் கதவைத் தள்ளினாள். சத்தம் நின்றது.

உள் அறை காலி. வாசல் அறையில் கட்டில் இருந்தது. பக்கத்தில் நெளிந்த சொம்பு, அதில் பாதித் தண்ணீர். அவளுக்குப் பயமாக இருந்தது, ஆனாலும் ஓடவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"வந்துட்டேன் ஆத்தா. தாமசமாயிப்போச்சு."

கட்டில் கயிறு ஒருமுறை முனகியது. பக்கத்தில் யாரோ புரண்டு படுத்தது போலிருந்தது. வெயில் சாயும்வரை பாவாத்தாள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

அடுத்த மாதம் இரண்டாம் சுற்றுக்குப் போன சாஜிதா பேகம் முகம் சுளித்துக்கொண்டு கடைக்கு வந்தாள். "அந்த ஊடு பாழடைஞ்சு கெடக்குதுங்க்கா. கதவத் தட்டித் தட்டிப் பாத்தேன், ஆருமே வரலைங்க."

"தூங்கறாங்க அம்மணி. இனித் தட்டாதீங்க."

"நெசமாவா? அப்ப எத்தன மணி நேரம்னு போடறதுங்க?"

பாவாத்தாள் படிவத்தை வாங்கிப் பார்த்தாள். அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.