மகள் பிரெஞ்சில் சொன்னது

மொழிபெயர்ப்பு வேலைக்குப் புதிதாக வருபவர்கள் என்னிடம் சட்டச் சொற்களைப் பற்றித்தான் கேட்கிறார்கள். சொற்களைப் படித்துவிடலாம். சுவிட்சர்லாந்தின் பீல் நகரில் நடந்த ஒரு நேர்காணலை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. அதைச் சொல்கிறேன்.

சிவநேசன் தரைக்கு டைல் பதிப்பவர். தற்காலிக வதிவிட அட்டையை ஆண்டுதோறும் புதுப்பித்துக் களைத்தவர். கிளிநொச்சிக்கு அப்பால் ஒரு குடியேற்றத் திட்டத்தில் அவருக்கும் தம்பிக்கும் மனைவியின் தங்கைக்கும் பக்கத்துப் பக்கத்தில் காணிகள் இருந்தன. மூன்று குடும்பங்களும் ஒன்றாகப் போய் டைல் பட்டறை போடுவது திட்டம். நாடு திரும்புவோருக்கு சுவிஸ் அரசு கொடுக்கும் உதவியில் பயணச் செலவும் இயந்திரங்களும் கேட்க, மனைவியோடும் மகளோடும் அலுவலகத்துக்கு வந்திருந்தார். அவர் உள்ளே போய்ப் பேசிச் சரிக்கட்டும்வரை தம்பி வெளியே நடையில் காத்திருந்தார்.

"மூண்டு குடும்பமும் ஒரே முடிவு. வடிவாச் சொல்லுங்கோ அக்கா," என்றார் சிவநேசன் என்னிடம்.

அலுவலரிடம் ஜெர்மனில் சொன்னேன். மற்றவர்களையும் கேட்க வேண்டும் என்றார் அலுவலர். மனைவி, "அவர் சொல்லுறதுதான்" என்றார். அடுத்து மகள் ஆரணி. பதினாறு வயது.

"அவ தலையாட்டுவா," என்று சிரித்தார் சிவநேசன்.

ஆரணி தலையாட்டவில்லை. அலுவலரைப் பார்த்து பிரெஞ்சில் பேசத் தொடங்கினாள். ஜெர்மனும் பிரெஞ்சும் புழங்கும் பீலில் பாதிப் பேச்சில் மொழி மாறுவது வழக்கம். அலுவலரும் உடனே மாறினார். சிவநேசனுக்குத் தெரிந்தது கட்டட வேலைக்கான ஜெர்மன் மட்டும். வீட்டுக்குப் பக்கத்தில் இருந்ததால் மகளைப் பிரெஞ்சுப் பள்ளியில் சேர்த்தவர் அவர்தான்.

அறையில் பேசப்படும் எதையும் எல்லோருக்கும் சொல்ல வேண்டும், பேசுபவராகவே நின்று சொல்ல வேண்டும். எங்கள் வேலையின் விதி அது. தகப்பனின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்:

"நான் வரமாட்டன். மணிக்கூட்டுத் தொழிற்சாலையில தொழில் பழக எனக்கு இடம் கிடைச்சிட்டுது. வீட்டில சொல்லப் பயமா இருந்தது. அங்க நான் ஆரோட கதைக்கிறது? எனக்குத் தமிழ் வாசிக்கவும் தெரியாது."

சிவநேசன் மகளைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"நீங்கள் உங்கட கதையைச் சேர்க்காதேங்கோ."

எனக்கும் அதே வயதில் ஒரு மகள். அவர் சொன்னதும் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. குரலில் என் பயத்தைக் கலந்துவிட்டேனா?

"அவ ஒண்டும் சேர்க்கேல்ல அப்பா," என்றாள் ஆரணி தமிழில். "நான் சொன்னதுதான்."

தாய் கைப்பையின் வாரைச் சுற்றிக்கொண்டே இருந்தார். இடையில் நிறுத்தலாமா என்று அலுவலர் கேட்டார். சிவநேசன் எழுந்து நடைக்குப் போனார். கதவு திறந்தே இருந்தது.

"என்னண்ணை, சரிவந்துதோ?" என்றார் தம்பி.

"நீ உள்ள போய் உன்ர குடும்பத்துக்குக் கதை. நாங்கள் இப்ப வரேல்ல."

"விசரோ உங்களுக்கு? நீங்கள் இல்லாமல் பட்டறையை ஆர் நடத்துறது? ஒரு பெட்டை சொன்னால் எல்லாத்தையும் நிப்பாட்டுறதோ?"

"உன்ர பெட்டையளைக் கேட்டனியோ?"

தம்பி உள்ளே வரவில்லை. இருவரும் சுவரில் சாய்ந்து நின்றார்கள்.

புதியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். அன்று ஆரணி பேசி முடித்ததும், 'வரமாட்டன்' என்பதை 'வர விருப்பம் குறைவு' என்று தணித்துச் சொல்லலாமா என ஒரு கணம் யோசித்தேன். தகப்பன் பாவம், அலுவலர் முன்னால் அவமானப்படக் கூடாது என்ற எண்ணம். அப்படிச் சொல்லியிருந்தால் அவர் சிரித்து, "பிறகு பழகிடும்" என்றிருப்பார். பிள்ளை விமானம் ஏறியிருப்பாள். ஒருவர் எல்லோருக்குமாகப் பேசும் வீடுகளில் மற்றவர்களுக்கு வாய் திறக்க ஒரே ஒரு தடவைதான் கிடைக்கும். அதை நம் இரக்கத்தால் கெடுத்துவிடக் கூடாது.